நுரைக்கு மூணு மாசம்

வாடா தம்பி, உட்காரு. ஜார்ஜ் டவுன் கடைவீட்டு மாடியில அஞ்சு பேரு சேர்ந்து வீடியோ கேம் கம்பெனி தொறந்துட்டீங்களாமே! கம்பெனி சின்னம் ஓடுறதைப் பார்த்தேன். இருட்டுல ஒரு கை தே தாரிக் தேத்தண்ணியை இழுத்து ஆத்துது. கீழ குவளை நெறஞ்சு நுரை பொங்கி, அந்த நுரையே கம்பெனி பேரா மாறுது. பதினெட்டு விநாடி. கண்ணுல தண்ணி வந்துருச்சுடா. அதைச் செய்ய மூணு மாசம் ஆச்சாமே? ஆகட்டும். விளையாட்டு எங்கேன்னு கேட்டா, "இனிமேதான் தாத்தா"ங்கிறே.

அவசரமே இல்ல. மண்டபத்துல வாழைமரம் கட்டியாச்சு. பொண்ணு பார்க்க இன்னொரு நாள் போயிக்கலாம்.

நான் ரப்பர் தோட்டத்துல கித்தா மரம் சீவினவன். கோடு எவ்வளவு அழகா போட்டாலும் கிராணி பாலை நிறுத்துத்தான் பேரேட்டுல எழுதுவாரு. கோட்டை நிறுக்க அவர்கிட்ட தராசு இல்ல.

சின்னம் வேணாம்னு சொல்லலடா. ஜெமினிப் படம்னா ரெண்டு பொடியனுங்க குழல் ஊதுவானுங்க. ஊதின கையோட 1948ல வாசன் 'சந்திரலேகா'வுல முரசு மேல ஆளுங்களை ஆட விட்டாரு. ஊதினதுக்கு மேலேயே காட்டினாரு.

நீயே சொன்னியே, 1989ல வந்த கேம் பாய்! சுவிட்சைப் போட்டா நின்டெண்டோ பேரு மேலேர்ந்து இறங்கி 'டிங்'குனு நிக்கும். சும்மா இறங்கல, செருகின கேசட்டுல அதே சின்னம் அச்சு மாறாம இருக்கான்னு பெட்டி ஒத்துப் பார்க்கும். இல்லேன்னா கதவே தொறக்காது. அது காவக்காரச் சின்னம். 1991 'சோனிக்'ல 'சே...கா'ன்னு கம்பெனி பேரைச் சொல்லி ஒரு கூவல். அந்தக் கூவல் மட்டும் கேசட்டுல எட்டுல ஒரு பங்கு இடத்தைத் தின்னுச்சாம். மிச்சம் ஏழு பங்குல நீல முள்ளெலி அப்படி ஓடுச்சு, சனம் மன்னிச்சிருச்சு. உன் கேசட்டுல எட்டும் கூவல்தானேடா!

டொராண்டோவுல விசை கேம்ஸ்னு சின்னக் கூட்டம் 2023ல 'வெண்பா'ன்னு ஒரு விளையாட்டு போட்டுச்சு. ஊரு விட்டு ஊரு போன தமிழ் அம்மா, எழுத்து அழிஞ்ச சமையல் நோட்டு, அவிக்க வேண்டிய இட்லி. அடுத்த வருஷமே முதல் படைப்புக்கான பாஃப்டா விருது. சனம் இன்னும் அந்த இட்லியைப் பத்தித்தான் பேசுது.

அதனால கேளு. பதினெட்டு விநாடியை மூணு விநாடியா வெட்டு. நுரை பொங்குற நேரத்துல பின்னால விளையாட்டு ஏறட்டும். மறுபடி தொறக்கிறவன் பொத்தானை அமுக்கித் தாண்டிப் போக வழி விடு. வீட்டுக்கு வந்தவனை தினம் வாசல்ல நிறுத்தி ஆரத்தி எடுக்காதே.

மாமக் கடைக்காரரு நுரையை மட்டும் ஆத்திக் குடுத்துட்டு வெள்ளி கேட்டா நீ குடுப்பியா?

சரி, அந்தச் சின்னத்தை இன்னொரு தடவை போட்டுக் காட்டு. நல்லாத்தாண்டா இருக்கு. தேத்தண்ணி வர்ற வரைக்கும் நுரையையாவது பார்க்கிறேன்.