இரண்டு தெருவுக்கும் ஒரே வாத்தியார்

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் மலை சுற்றுகிறவர்கள் அடி அண்ணாமலைக்கு வந்து சேரும்போது கால் கெஞ்ச ஆரம்பித்திருக்கும். ஆதி அருணாசலேஸ்வரரைக் கும்பிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி நடையைக் கட்டுவார்கள். அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. தரிசிக்க வேண்டிய இடம். பெரிய பெரிய தேசத்து ராணுவ வாத்தியார்கள் நடத்திய பாடத்தின் ரிசல்ட் அங்கேதான் குடியிருக்கிறது.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளில் வைத்த தீ அணைவதற்குள் டெல்லி பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வடக்கே சக்ராதா மலையிலும் தமிழ்நாட்டுக் காடுகளிலும் வகுப்புகள். டெலோ, ஈரோஸ், ஈபிஆர்எல்எஃப், புலிகள் என்று ஈழப் போராளிக் குழுக்களுக்கு ஆளுக்கொரு செக்‌ஷன். வெளியே யாராவது கேட்டால், "பயிற்சியா? இங்கேயா?" 1986இல் புலிகள் டெலோவைத் தீர்த்துக்கட்டினார்கள். கொன்றவனும் செத்தவனும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள்.

கொழும்பும் டியூஷன் வைத்துக்கொண்டது. லண்டனிலிருந்து வந்த கம்பெனியின் பெயர் கீனி மீனி சர்வீசஸ். ஏதோ ஐஸ்கிரீம் கடை என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் சிறப்புப் படையில் இருந்த பழைய ஆட்கள். 1984லிருந்து இலங்கையின் சிறப்பு அதிரடிப் படையைப் பழக்கினார்கள். 1987 ஜனவரியில் அந்தப் படை கொக்கட்டிச்சோலை இறால் பண்ணைக்குள் புகுந்து தொழிலாளர்களைக் கொன்றது. அது தனியார் கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்பது பிரிட்டிஷ் அரசின் பல்லவி.

போர்டை மாற்றி மாட்டும் இந்த வித்தையில் அமெரிக்காவை யாரும் மிஞ்ச முடியாது. 1970களின் தொடக்கத்தில் கம்போடியாவில், அமெரிக்கா தாங்கிப்பிடித்த லோன் நோல் ஆட்சிக்கும் கம்யூனிஸ்ட் கேமர் ரூஜுக்கும் போர். அங்கே ராணுவ ஆலோசகர்களை அனுப்பக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டது. அதற்கென்ன? 'ராணுவத் தளவாட விநியோகக் குழு' என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். சிப்பாய்களைப் பக்கத்திலிருந்த தெற்கு வியட்நாமுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார்கள். சம்பளப் பட்டியலில், ஆளே இல்லாத சிப்பாய்க்கெல்லாம் பெயர் இருந்தது. பணம் தளபதியின் பைக்குப் போனது. லோன் நோல் தன் பங்குக்குத் தலைநகரைச் சுற்றி ஹெலிகாப்டரிலிருந்து மந்திரித்த மணலைத் தூவவைத்தார். சிரிக்காதீர்கள். அந்தப் போரில் யாரையும் கொல்லாத ஒரே ஆயுதம் அந்த மணல்தான். 1975 ஏப்ரல் 17இல் அந்தத் தலைநகர் நொம்பென் விழுந்தது.

நம் வாத்தியார் இதையும் ஒரு படி தாண்டினார். 1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம். கையோடு இந்தியப் படை இலங்கைக்குப் போனது. பெயர் 'அமைதி'. அக்டோபரில் தான் வளர்த்த பிள்ளைகளோடே சண்டை. தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டது அந்த அமைதி. நம் சிப்பாய்கள் சுமார் 1,200 பேர் பிணமானார்கள். இலங்கை அதிபர் பிரேமதாசா அந்தப் படையை விரட்டப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார்; 1990 ஜூனில் புலிகளின் துப்பாக்கி அவர் பக்கமே திரும்பியது. கிளம்பும் முன் டெல்லி கடைசியாக ஒரு வகுப்பு எடுத்தது. பையன்களைக் கட்டாயமாகப் பிடித்துவந்து, துப்பாக்கியைக் கையில் திணித்து, 'தமிழ்த் தேசிய ராணுவம்' என்றார்கள். 1990 மார்ச்சில் படை கப்பலேறியது. பையன்கள் கரையில் நின்றார்கள்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் புலிகளோடு போர் முடிந்தபின், வென்ற இலங்கைப் படைக்குப் பாடம். 2012 ஜூலையில் தாம்பரத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் பயிற்சி பெறுவது தெரிந்து தமிழ்நாடு கொதித்தது. உடனே அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றினார்கள். தமிழனுக்கு அளித்த நீதி அவ்வளவுதான்: முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

முகாமில் ஒரு பெரியவரிடம் இந்தப் பயிற்சிக் கதையெல்லாம் கேட்டேன். "எங்களுக்கும் ட்ரெய்னிங் இருக்கு தம்பி. ஷெல் கூவிக்கொண்டு வந்தால் காதைப் பொத்தி, வாயைத் திறந்து, குப்புறப் படுக்க வேணும். வாயை மூடினால் காது போயிடும்" என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "ஷெல்தான்."

'அகதிகள் முகாம்' என்ற பெயர் 2021இல் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாய் 1,500 ஆனது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பெரியவரின் பேரன் இந்த முகாமிலேயே பிறந்தவன், இந்த மலையைத் தவிர வேறு மலை பார்க்காதவன், இன்றைக்கும் அகதி. 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ இந்த மண்ணில் பிறந்தவன் குடிமகனாக வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும் என்கிறது சட்டம். சக்ராதாவில் துப்பாக்கி பிடிக்க வந்தவனிடம் டெல்லி இதையெல்லாம் கேட்கவில்லை.