வாகனப் பிராணிகளும் வளவுத் தக்காளியும்: வன்னிப் பெருநிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வளவுத் தக்காளி என்பது வீட்டார் நட்டு, இறைத்து, தடி ஊன்றிக் கட்டி, மற்றோர் உண்ணும் ஒரு பயிராகும். அது பழமா மரக்கறியா என்ற வினாவுக்கு இரு விடைகள் உண்டு. பூவின் சூலகம் முதிர்ந்து உருவாவதால் பழமே என்பது தாவரவியலாரின் முடிபு. சாப்பாட்டோடு உண்ணப்படுகிறதே தவிர, சாப்பாட்டுக்குப் பின் இனிப்பாக உண்ணப்படுவதில்லை, ஆகவே தீர்வை அறவிடும் காரியத்துக்கு அது மரக்கறியே என்பது 1893 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் நிக்ஸ் எதிர் ஹெடன் வழக்கில் சொன்ன தீர்ப்பு. அவ்வழக்கில் குரங்குகளின் தரப்பு கேட்கப்படவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அவை தாவரவியலாரின் முடிபையே இன்றுவரை கைக்கொண்டு வருகின்றன.

வன்னியில் தக்காளியின் காலத்தை வகுப்பது மழை. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழிவரை விடாது. இரணைமடுக் குளம் வான் பாயும் நாட்களில் கன்று நட்டால் அது வேர் பிடிக்குமுன் அழுகும். ஆகவே கார்த்திகையில் நாற்றுமேடை போட்டு, மழை ஓயும் மார்கழிக் கடைசியில் நடுவது அனுபவசாலிகளின் வழக்கம். மேடையின்மேல் வைக்கோலும் உமியும் மாறிமாறி அடுக்கி எரித்து, மண்ணிலுள்ள கிருமியைக் கொன்றபின் விதைப்பது விவசாயப் போதனாசிரியர்கள் சொல்லும் முறை. நெல் விளையும் நாட்டில் வைக்கோலுக்கும் உமிக்கும் பஞ்சமில்லை. நடுவதை இதற்குமேல் தள்ளிப்போடவும் முடியாது. பங்குனி பிறந்தால் இரவிலும் சூடு தணியாது. இரவு வெப்பம் 25 பாகைக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளி பூக்கும், காய்க்காது. மகரந்தம் வலுவிழந்து பூக்கள் காம்போடு கொட்டிவிடும். பேராதனையிலுள்ள விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின போன்ற இனங்கள் வாடல் நோயை ஓரளவு தாங்குகின்றன. சித்திரை வெயிலை எந்த இனமும் முழுதாகத் தாங்கியதில்லை.

வளவுக்குள் தக்காளிக்கு உரிய இடம் கிணற்றடி. குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் வாழையும், அதற்கு அப்பால் கத்தரியும் மிளகாயும், எஞ்சிய மூலையில் தக்காளியும் நிற்பது பொது ஒழுங்கு. வாழை தவிர்ந்த மூன்றும் ஒரே குடும்பத்துப் பயிர்கள் என்பதால் ஒன்றைப் பிடித்த வாடல் மற்ற இரண்டையும் விசாரித்துவிட்டே போகும். ஆண்டுதோறும் பாத்தியை மாற்றவேண்டும் என்பது விதி. கிணறு இடம் மாறாது என்பது நடைமுறை.

தண்ணீர் ஊற்றுவதிலுள்ள ஒழுங்கீனம் ஒரு தனிப்பிரிவாக ஆராயத்தக்கது. வீட்டார் வேலைக்குப் போகும் கிழமை நாட்களில் வரட்சி, ஞாயிற்றுக்கிழமை வெள்ளம் என்ற இறைப்பு முறையில் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழுந்து அழுகும். நீரோடு ஏறவேண்டிய கல்சியம் காயின் நுனிவரை போய்ச் சேராததே காரணம். ஊரில் இதற்குச் சொல்லப்படும் காரணம் நாவூறு. காரணம் நாவூறாயின் பரிகாரம் வெருளி. எனவே கவிழ்த்த மண்சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி குத்தி, பழைய சேட்டு மாட்டி, பாத்தியின் நடுவே ஒரு வெருளி நிறுத்தப்படுகிறது. வெருளியைச் சரிபார்க்க நாள்தோறும் பாத்திக்கு வருபவர் வந்த கையோடு ஒரு வாளி தண்ணீரும் ஊற்றிவிடுவதால், நோய் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

இனி ஆய்வின் மையப்பொருள். தக்காளியைத் தாக்கும் பீடைகளை உடலளவு, காலின் எண்ணிக்கை, பெருகும் வேகம் என்று பலவாறு வகுக்கலாம். வீட்டாரின் நடத்தையை விளக்குவதற்கு ஒரேயொரு பாகுபாடு போதும்: கோயிலில் இடமுள்ளவை, இடமில்லாதவை. மயில் முருகனின் வாகனம். எலி பிள்ளையாரின் வாகனம். யானை அவருடைய முகம். குரங்கு அனுமனுக்கு உறவு. பன்றி திருமாலின் அவதாரங்களில் ஒன்று. அணிலின் முதுகில் இராமரின் விரல் பட்ட கோடுகள். கட்டாக்காலி மாடு நந்தியின் இனம். முதுகெலும்புள்ள பீடைகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஒரு சிபார்சு இருக்க, புழுவுக்கும் வெண் ஈக்கும் அழுக்கணவனுக்கும் எந்தச் சந்நிதியிலும் சொல்லிக்கொள்ள ஆளில்லை. விவசாய மருந்துக் கடைகளின் இறாக்கைகள் இந்தப் பாகுபாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளன. அங்கு அடுக்கியிருக்கும் பீடைநாசினிகள் சிபார்சு இல்லாத இனங்களுக்கே உரியவை. எலிப்பாஷாணம் மட்டும் விதிவிலக்கு. நெல் மூட்டையிலும் கைவைத்த அன்றே எலி தன் சலுகையை இழந்துவிட்டது.

மயில் விடியற்காலையில் வேலியோரமாக நடந்து வரும். பறக்கத் தெரிந்த பறவை படலையால் நுழைவது முதலில் வியப்பைத் தரலாம். வளவைத் தன் வீடாகக் கருதும் பிராணி வேறு வழியால் வரத் தேவையில்லை என்பதே விளக்கம். சிவக்கத் தொடங்கிய பழத்தை அது ஒரு பக்கம் மட்டும் கொத்தும். பிறகு கொத்திப் பதமாக்கிய பாத்தி மண்ணில் படுத்துப் புழுதி குளிக்கும். எதிர் நடவடிக்கையாகப் பழைய ஒலிப்பதிவு நாடாக்களின் கறுப்பு இழை தடிக்குத் தடி இழுத்துக் கட்டப்படுகிறது. காற்றில் அது இரையும், வெயிலில் மினுங்கும். மயில் ஓரிரு நாட்கள் தள்ளி நின்று தலையைச் சரித்து அதை ஆராயும். பின்னர் குனிந்து அதன் கீழாக உள்ளே வரும். மயில் புழுவையும் தின்னும் என்று வாதிடுவோர் உளர். வாதம் உண்மையே. ஆனால் புழு இருந்த பழத்தையும் சேர்த்துத் தின்பதால் கணக்கு நேராகிவிடுகிறது.

செங்குரங்கு இலங்கைக்கு மட்டுமே உரிய இனம். உணவை அள்ளி அடக்கிக்கொண்டு ஓட வசதியாகக் கன்னத்தில் பை வைத்துப் படைக்கப்பட்டது. ஆயினும் தக்காளியைப் பொறுத்தவரை அது உண்பதைவிட ஆராய்வதே அதிகம். பச்சைக்காயைப் பிடுங்கும், கடிக்கும், புளிப்பு என்று கண்டு எறியும், அடுத்த காயும் புளிக்கிறதா என்று பார்க்கும். ஒரு செடியில் கிடைத்த முடிபை வைத்து மறு செடியைப் பற்றி முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. ஆய்வுமுறை என்ற அளவில் இதில் குற்றம் காண இயலாது.

இந்த ஆய்வாளரைக் கட்டுப்படுத்த அரசு எடுத்த முயற்சிகள் அண்மைக்கால வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. 2023 இல் ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அப்போதைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர முன்வைத்தார். சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போக, அது நின்றுபோனது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் அறிவித்தார். ஒரு நாட்டின் மின்சாரத்தை நிறுத்தக்கூடிய இனத்துக்கு எதிராக ஓர் ஈர்க்குத் தடியும் ஒரு சட்டித்தலை வெருளியும் நிறுத்தப்படுகின்றன என்பதை இங்கே குறித்துக்கொள்வது தகும். அடுத்த மாதம் 15 ஆம் திகதி காலை 8 மணிக்கும் 8.05 க்கும் இடையில் தத்தம் வளவிலும் வயலிலும் நிற்கும் குரங்கு, மயில், மரஅணில் ஆகியவற்றை எண்ணித் தருமாறு மக்கள் கேட்கப்பட்டனர். செங்குரங்கு ஐம்பது இலட்சத்துக்கு மேல், மயில் நாற்பது இலட்சத்துக்கு மேல் என்று கணக்கு வந்தது. ஐந்து நிமிடத்தில் ஒரு குரங்கு எத்தனை வேலி தாண்டும் என்பதைப் புதுக்குடியிருப்பில் எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்; அந்தப் பிள்ளையைக் கணக்கெடுப்புக் குழுவில் சேர்த்திருக்கலாம்.

பெருவிலங்குகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் யானை வருவது தென்னைக்கும் வாழைக்கும் நெல்லுக்கும். தக்காளி அது காலை வைக்கும் இடத்தில் நின்ற குற்றத்துக்காக அழிகிறது. யானை வெடி போட்டால் யானை பக்கத்து வளவுக்குப் போகும், பக்கத்து வளவில் போட்டால் திரும்பி வரும். பன்றி மண்ணைக் கிண்டுவது கிழங்குக்கும் புழுவுக்கும். மாட்டுக்குத் தக்காளி இலையின் மணம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்றாலும், படலை திறந்து கிடந்தால் வாழையை நோக்கிய அதன் நேர்வழி பாத்தியூடாகவே செல்கிறது. பாம்பு மட்டும் எலியைத் தின்று பயிருக்கு உதவும் சிபார்சுப் பிராணி. ஆனால் அது நிற்பதாகத் தெரிந்த பாத்திக்கு வீட்டாரும் ஒரு கிழமைக்குப் போவதில்லை. புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்தபின்பே இறைப்புத் தொடரும். இதற்கிடையில் மயில் வந்து பாம்பைத் துரத்திவிடுகிறது.

சிபார்சு இல்லாத பக்கத்தில்தான் வீட்டாரின் கை ஓங்கியிருக்கிறது. அங்கு முதன்மையானது காய்துளைப்பான். இதன் அந்துப்பூச்சி பொழுதுபட்டபின் வந்து, பூவுக்கு அண்மையிலுள்ள இலைகளில் ஒவ்வொன்றாக முட்டையிடும். பொரித்த புழு சில நாள் இலையைச் சுரண்டிவிட்டுக் காய்க்குள் தலையைச் செலுத்தும். பின்பாதி உடல் வெளியே தொங்கும். இந்த நிலையில் அதைக் கையால் பிடித்து இழுத்தெடுப்பது மிக எளிது. ஆனால் துளையையும் அதன் வாயிலுள்ள எச்சத்தையும் கண்டபின்பே தேடும் வழக்கம் பரவலாக இருப்பதால், தேடும்போது புழு அடுத்த காயில் இருக்கிறது. ஒரு காயைத் தின்று முடித்துவிட்டு மற்றதற்குப் போகும் ஒழுக்கம் அதற்கு இல்லை. ஒரே காயில் இரண்டு புழுக்கள் எதிர்ப்பட்டால் ஒன்று மற்றதைத் தின்னவும் கூடும். பீடைநாசினி விற்போர் இதை விளம்பரம் செய்வதில்லை. முதிர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். அந்தப் பருவத்தில் மண்ணைக் கொத்திப் புரட்டிக் கோழிகளை விட்டால் அடுத்த தலைமுறை வெகுவாகக் குறையும். சேவல் முருகனின் கொடியில் இருப்பது. ஆக, ஒரே சந்நிதியைச் சேர்ந்த இரு பறவைகளில் ஒன்று பயிரின் பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் நிற்கின்றன.

வெண் ஈ இலையின் அடியில் குந்தியிருக்கும். செடியைத் தட்டினால் மாவு பறந்ததுபோல் எழுந்து அதே இலையில் மீண்டும் அமரும். அது சாற்றை உறிஞ்சுவதால் வரும் நட்டம் சிறிது. இலைச்சுருள் நோயின் வைரசைச் செடிக்குச் செடி காவித் திரிவதால் வருவதே பெரிது. இலை சிறுத்து, ஓரம் மஞ்சளித்து, மேல்நோக்கிச் சுருண்ட செடிக்கு மருந்தில்லை; பிடுங்கி எரிப்பதே வழி. நான்கு நாள் பார்ப்போம் என்று அதற்குத் தவணை கொடுக்கும் வீடுகளில் அந்த நான்கு நாளும் வெண் ஈயின் சேவைக்காலமாகிறது. மஞ்சள் நிறம் இதை ஈர்க்கும் என்பதால், மஞ்சள் எண்ணெய்க் கலனை வெட்டிக் கிறீஸ் பூசித் தடியில் தொங்கவிடுவது செலவில்லாத பொறி. இலைச்சுரங்கப் புழு இலைக்குள் வெள்ளைக் கோடு இழுப்பதோடு சரி. பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் காயில் கைவைப்பதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து வேப்பம் விதை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, பொழுதுபடும் நேரத்தில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கவேண்டும். வெயிலில் அதன் வீரியம் கெடும். வேம்பு அம்மனுக்குரிய மரம் என்பதால், சிபார்சுள்ள மரம் சிபார்சற்ற பூச்சியை அடக்குகிறது. கோட்பாட்டுக்கு முரண் எதுவுமில்லை. ஆடி, ஆவணியில் விதை பொறுக்கி உலர்த்தி வைக்காத வீட்டார் தையில் புழுவைக் கண்டு வேப்பமரத்தை அண்ணாந்து பார்ப்பது மட்டும் பயன் தராது.

இரசாயனம் இல்லாத பயிர்ச்செய்கையில் வன்னிக்கு முன்னனுபவம் உண்டு. 1990 களில் பொருளாதாரத் தடையால் யூரியாவும் எரிபொருளும் மின்கலமும் உள்ளே வராதபோது, சாம்பலும் ஆட்டெருவும் வேப்பம் பிண்ணாக்குமே கைகொடுத்தன. 2021 மே மாதத்தில் இரசாயன உரமும் பீடைநாசினியும் இறக்குமதி செய்ய நாடு முழுவதற்கும் தடை வந்து, நவம்பரில் அது விலக்கப்பட்டது. ஏனைய மாவட்டங்கள் அந்த ஆறேழு மாதத்தில் திணறிய பாடத்தை வன்னி பல ஆண்டுகள் படித்து முடித்திருந்தது. சான்றிதழ் மட்டும் எவரும் கொடுக்கவில்லை.

எஞ்சிய பழங்கள் மாசியில் பழுக்கின்றன. விசுவமடு, தருமபுரம் தோட்டக்காரரும் அதே மழை ஓய்ந்த அதே கிழமையில் நட்டவர்கள் என்பதால், வளவில் முதற்பழம் சிவக்கும் நாளும் கிளிநொச்சிச் சந்தையில் தக்காளி விலை விழும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. விலை ஏறியிருந்த மாதங்களில் செடி பூவோடு நின்றது. அவ்வளவு மலிவாகக் கிடைப்பதை வாங்காமல், குரங்குக்குத் தப்பிய பழத்துக்காகக் காத்திருக்கும் வீட்டின் பொருளாதாரத்தை வழக்கமான பாடநூல்கள் விளக்குவதில்லை. பழத்தில் முதல் ஒன்று கோயிலுக்கும், அடுத்தவை வேலிக்கு மேலால் ஆலோசனை சொல்லிவந்த அயலாருக்கும் போகும். மிகுதி தேங்காய்ப்பாலில் சொதியாகிறது.

மிகச் சிறந்த பழம் உண்ணப்படுவதில்லை, விதைக்கு விடப்படுகிறது. கலப்பினமாயின் விதை தாயைப்போல் வராது. திலின போன்ற இனமாயின் வரும். நன்கு கனிந்த பழத்தைப் பிழிந்து ஒரு கோப்பையில் ஓரிரு நாள் புளிக்கவிட்டு, வழுவழுப்புப் போகக் கழுவி, நிழலில் கடதாசியில் பரப்பி உலர்த்தி, சாம்பலில் பிரட்டிப் போத்தலில் அடைக்கவேண்டும். எறும்பு ஏறாமலிருக்கப் போத்தலின் கழுத்தில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றுவது வழக்கம்.