ஓராண்டுக்கு மட்டும் வந்தவர்

ஜப்பானில் மலைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு சிற்றூர். இரண்டு பெட்டி ரயில், ஒரு நடுநிலைப் பள்ளி, சுற்றுவட்டாரத்தில் மூன்று தொடக்கப் பள்ளிகள். அங்கே எல்லோருக்கும் முகம் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்தால் மேயரைச் சொல்லமாட்டார்கள், ஆங்கில வாத்தியாரைத்தான் காட்டுவார்கள். தேர்தலில் நின்றால் அமோகமாக ஜெயித்துவிடுவார். நிற்பதற்குத்தான் குடியுரிமை இல்லை.

வேலையின் பெயர் துணை மொழி ஆசிரியர். ஊர் கூப்பிடுவது "சென்செய்", அதாவது ஆசிரியர். 1987-இல் ஜப்பான் அரசு 'ஜெட்' என்றொரு திட்டம் தொடங்கி, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேரை வரவழைத்தது. இப்போது எத்தனையோ நாடுகளிலிருந்து 5,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். தகுதி, ஏதாவது ஒரு பட்டம். கடல் உயிரியல் படித்தவர் வரலாம், தத்துவம் படித்தவர் வரலாம், டிரம்ஸ் வாசித்த நேரம் போக மிச்ச நேரத்தில் பட்டம் வாங்கியவரும் வரலாம். ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடம் நடத்திய அனுபவமும் வேண்டாம். ஒப்பந்தம் ஓராண்டு, இரு தரப்புக்கும் பிடித்துப்போனால் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஐந்தாண்டுக்கு மேல் கிடையாது.

விமானம் ஏறும்போது இவர்கள் அத்தனை பேரும் அம்மாவிடம் சொல்லிவிட்டு வருவது ஒன்றைத்தான்: "ஒரே வருஷம். ஓடிப்போயிடும்."

வந்து இறங்குவது ஜூலைக் கடைசியில் அல்லது ஆகஸ்டில். வேர்த்து ஊற்றுகிற காலம். பள்ளிக்குக் கோடை விடுமுறை. ஒரு பிள்ளையும் கிடையாது. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே? காலையில் கோட்டும் டையுமாக ஆசிரியர் அறையில் ஆஜராக வேண்டும். மேசை ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள். மேசை மேல் ஒன்றுமில்லை. அறையின் தலைமாட்டில் துணைத் தலைமையாசிரியர் உட்கார்ந்து ஏதோ காகிதங்களில் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். அந்த 'டொக் டொக்' சத்தத்தைத் தவிர வேறு நிகழ்ச்சி இல்லை. பத்து மணிக்கு அலுவலக அம்மாள் பார்லி டீ வைத்துவிட்டுப் போகிறார். பதினொன்றுக்கு ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "நாட்டோ சாப்பிடுவீர்களா?" என்று விசாரிக்கிறார். நாட்டோ என்பது புளிக்கவைத்த சோயா மொச்சை. எடுத்தால் நூல் நூலாகக் கூடவே வரும். வாசனையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நாகரிகம். சாப்பிடுவேன் என்றால் அறை முழுக்க ஆச்சரியம். மாட்டேன் என்றால் அறை முழுக்க நிம்மதி.

தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் நிலைமைதான் அது. செய்ய ஒரு வேலையும் இல்லை, எழுந்து போகவும் வழியில்லை. ஆனால் என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை வாங்கிச் சாப்பிட்டார் என்பது தெருக்கோடி வரைக்கும் தெரிந்திருக்கும்.

தெருக்கோடி என்றது மிகையே இல்லை. பள்ளி திறந்த பிறகு திங்கட்கிழமை காலையில் பன்னிரண்டு வயதுப் பையன் வந்து, "சென்செய், சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் மூன்று பீரும் ஒரு தர்பூசணியும் வாங்கினீர்கள்" என்று தகவல் சொல்வான். கேலி இல்லை, குற்றச்சாட்டும் இல்லை, செய்தி வாசிப்பு. இந்த ஊர்க்குணம் பழையது. 1895-இல் மாட்சுயாமாவில் ஆங்கிலம் கற்பித்த நட்சுமே சோசெகி, 1906-இல் 'போச்சான்' என்றொரு நாவல் எழுதினார். அதில் டோக்கியோவிலிருந்து சிற்றூருக்கு வேலைக்குப் போன கணக்கு வாத்தியார் ஒரு கடையில் நாலு கிண்ணம் டெம்புரா நூடுல்ஸ் சாப்பிட்டுவிடுகிறார். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் அவருக்கு டெம்புரா வாத்தியார் என்று நாமகரணம் ஆகியிருக்கிறது. டோக்கியோக்காரருக்கே அந்தக் கதி என்றால், அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து ஆறேகால் அடி உயரத்தில் வந்தவர் எங்கே ஒளிந்து எதைச் சாப்பிடுவது?

வீடு முந்தைய வாத்தியார் விட்டுப்போனது. அவருக்கு அதற்கு முந்தையவர் விட்டுப்போனார். அலமாரியைத் தோண்டினால் நாலைந்து தலைமுறைத் தடயங்கள் அடுக்கடுக்காகக் கிடைக்கும்: பனிச்சறுக்குக் காலணிகள், காலாவதியான வேர்க்கடலை வெண்ணெய், முதல் நான்கு பக்கம் மட்டும் நிரம்பிய ஜப்பானிய எழுத்துப் பயிற்சி நோட்டுகள். அந்த நான்கு பக்கங்களின் கையெழுத்துதான் ஆளுக்கு ஆள் மாறும்.

உண்மையான பரீட்சை வாசலுக்கு வெளியே இருக்கிறது. குப்பை. எரிகிற குப்பைக்கு ஒரு கிழமை, எரியாததற்கு ஒரு கிழமை, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, பழைய காகிதத்துக்கு ஒன்று. தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, லேபிளை உரித்து, உள்ளே அலசி, அதன் பிறகுதான் வழியனுப்ப வேண்டும். பையும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பையாக இருக்க வேண்டும். பல ஊர்களில் பை மேல் பெயரும் எழுத வேண்டும். தப்பாகக் கட்டிய பையைக் குப்பை வண்டி தொடாது. ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடும். வாத்தியாரின் பெயர் தாங்கிய பை தெருமுனையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கும். ஊரே அந்த வழியாகத்தான் காலை நடை போகும்.

சரி, பாடம்? அவர் வகுப்புக்குள் நுழைந்து "ஹவ் ஆர் யூ?" என்பார். முப்பத்தைந்து பேரும் ஒரே மூச்சில் "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்பார்கள். காய்ச்சலில் மேசை மேல் சாய்ந்திருக்கிற பெண்ணும் ஃபைன்தான். பிறகு ஜப்பானிய ஆசிரியர் இலக்கணத்தை ஜப்பானிய மொழியில் நடத்துவார். உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு பயமுறுத்திக்கொண்டு நிற்கிறதே. நடுநடுவே வாத்தியார் எழுந்து ஒரு பத்தியை வாசிக்க வேண்டும், வகுப்பு திருப்பிச் சொல்லும், உட்கார்ந்துவிடலாம். தொடக்கப் பள்ளியில் வேலை வேறு. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் மதிப்பெண் போடுகிற பாடமாகிவிட்டது. அங்குள்ள வகுப்பாசிரியர்களில் பலர் ஆங்கிலத்துக்கு அஞ்சுகிறவர்கள். வாத்தியாரைக் கேடயமாக முன்னே நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றுகொள்வார்கள். டிசம்பரில் அவர்தான் சாண்டா. பாலர் பள்ளி பாலர் பள்ளியாகக் கூட்டிப்போவார்கள். அவர் யூதராக இருந்தாலும் சாண்டாதான்.

ஆனால் வந்தவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கராக இருந்துவிட்டால் வரவேற்பில் ஒரு சுரத்துக் குறைந்துவிடும். ஆங்கிலம் அதே ஆங்கிலம்தான், மூக்குதான் எதிர்பார்த்த மூக்கு இல்லை. இந்தக் கெட்ட பழக்கத்துக்காக ஜப்பானியச் சிற்றூரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பொன்னிறத் தலைமுடிக் குழந்தையின் படம் போட்ட ஆங்கிலப் பள்ளி விளம்பரப் பலகைகளை நம் ஊர் நெடுஞ்சாலைகளிலும் பார்க்காமலா இருக்கிறோம்?

ஜப்பானுக்கு வருகிற இந்த ஆங்கில வாத்தியார்களின் குலமுதல்வர் ரனால்ட் மெக்டொனால்ட். பர்கர் கடைக் கோமாளி இல்லை. 1824-இல் ஆரெகன் பகுதியில், ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் சினூக் பழங்குடித் தாய்க்கும் பிறந்தவர். அந்நியர் நுழையக் கூடாது என்று ஜப்பான் கதவடைத்திருந்த 1848-இல், திமிங்கிலம் பிடிக்கும் கப்பலிலிருந்து சிறு படகில் இறங்கி, கப்பல் உடைந்த பரிதாபத்துக்குரியவராக நடித்து, வடகோடியில் ரிஷிரி தீவில் கரையேறினார். பிடித்து நாகசாகிக்கு அனுப்பி அடைத்துவைத்தார்கள். அங்கே 14 மொழிபெயர்ப்பாளர்கள் அவரிடம் ஆங்கிலம் கற்றார்கள். 1849-இல் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து அவரைக் கூட்டிப்போயிற்று. அந்த மாணவர்களில் ஒருவரான மொரியாமா எய்னோசுகே, 1854-இல் ஜப்பானின் கதவைத் திறக்கச் சொல்லி வந்த அமெரிக்கக் கடற்படையின் கொமடோர் பெர்ரியுடன் நடந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தார். சில மாதச் சிறைவாசத்தில் இவ்வளவு! இன்றைக்குச் சாண்டா வேடம் போடுகிறவரை ஏன் இவரோடு ஒப்பிடக் கூடாது என்றால், மெக்டொனால்டிடம் வந்தவர்கள் ஆங்கிலம் வேண்டும் என்று வந்தவர்கள்.

முதல் வருஷத்தில் வாத்தியாருக்கு எல்லாமே அதிசயம். ரயில் ஒரு நிமிஷம் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். பிள்ளைகளே பள்ளியைப் பெருக்கித் துடைக்கிறார்கள். மாலையில் ஊர் ஒலிபெருக்கி பாட்டுப் போட்டுக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்புகிறது. அம்மாவுக்குப் படம் படமாக அனுப்புகிறார். "காலை வணக்கம்" என்று சொன்னாலே போதும், "அடடா, என்ன அருமையான ஜப்பானிய மொழி!" என்று கொண்டாடுகிறார்கள். குச்சியால் ஒரு சோயா மொச்சையைத் தூக்கினால் மேசையே பூரித்துப்போகிறது. இந்தப் பாராட்டுக்கெல்லாம் நன்றி சொல்லிவிடக் கூடாது என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார். முகத்துக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் விசிறி, "இல்லையில்லை, இன்னும் எவ்வளவோ இருக்கிறது" என்று கூச வேண்டும்.

இரண்டாம் வருஷம் புகார்க் காலம். முக்கியமான புகார் குளிர். இந்த வீடுகளில் அறையைச் சூடாக்க மாட்டார்கள், ஆளைத்தான் சூடாக்குவார்கள். கால்களைக் கணப்பு மேசையின் கீழே நீட்டிப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கழிவறைக்குப் போய்வருவது ஒரு துருவப் பயணம். பெரியவர்களையே ஆட்டிவைத்த குளிர் இது. 1890-இல் பத்திரிகைக்கு எழுத ஜப்பான் வந்து, மாட்சுவேயில் ஆங்கில வாத்தியாரான லஃப்காடியோ ஹெர்ன், அந்த ஊர்க் குளிர் தாங்காமல் அடுத்த ஆண்டே தெற்கே குமாமோட்டோவுக்கு மாறினார். நாட்டைவிட்டுப் போனாரா என்றால் அதுதான் இல்லை. சாமுராய் குடும்பத்துப் பெண்ணை மணந்து, 1896-இல் கொய்சுமி யாகுமோ என்ற பெயரோடு ஜப்பானியக் குடிமகனாகி, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லி, 1904-இல் டோக்கியோவிலேயே கண்ணை மூடினார். அவர் விலகிய பல்கலைக்கழக வேலைக்கு வந்தவர் நம்முடைய அதே சோசெகி.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒப்பந்தப் புதுப்பிப்புத் தாள் மேசைக்கு வரும். மண்ணெண்ணெய் அடுப்பில் கையைச் சூடேற்றியபடி வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வரிசையாகப் புகார்களை எண்ணுவார். கடைசியில் தன் முத்திரையை எடுத்து 'டொக்'.

மூன்றாம் வருஷம் அவர் நிபுணர். ரயிலில் எல்லா இருக்கையும் நிரம்பிய பிறகும் தன் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருப்பதை ஒரு சமூகவியல் உண்மையாக எடுத்துரைப்பார். அதே பெட்டியில் வேறொரு வெளிநாட்டுக்காரர் ஏறினால் மட்டும் பேச்சு நின்றுவிடும். வந்தவர் சிரிப்பார். இவர் சன்னல் வழியாக வயலைப் பார்ப்பார். நாற்று எந்த மாதம் நடுவது என்றே தெரியாத ஆள், இவருடைய ஊர் ரயிலில் என்ன வேலை? குப்பை நாளன்று ஏழு மணிக்கே தெருமுனைக்குப் போய், அடுத்தவர்கள் பையில் லேபிள் உரிக்காத பாட்டில் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறவரும் இவரே.

நடுவில் ஒருமுறை சொந்த ஊருக்குப் போனார். இரண்டு வாரம். கடைக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முள்கரண்டியை லாவகமாகப் பிடித்ததை எவரும் பாராட்டவில்லை. தொலைபேசியில் பேசும்போது குனிந்து குனிந்து கும்பிடுவதைப் பார்த்து அம்மாதான் கவலைப்பட்டார். சாலையில் நடந்தால் "சென்செய்!" என்று சைக்கிளிலிருந்து கத்த ஒரு ஜீவன் இல்லை. இந்த வாத்தியார்களைப் பிடித்துவைப்பது செர்ரிப் பூவும் கோயிலும் என்று பயணக் கட்டுரைகளில் எழுதுவார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. தர்பூசணி வாங்கினால் செய்தியாகிற ஊரை விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாதவராகப் போய் இருப்பது லேசா? தனித்தனியாகச் சுற்றிய சாக்லேட்டுகளை ஆசிரியர் அறைக்கு எண்ணி வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் முன்னதாகவே விமானம் ஏறிவிட்டார்.

ஐந்தாண்டு முடிந்தது. திட்டம் அவரை விடுவித்தது. ஊர் விடவில்லை, அல்லது அவர் ஊரை விடவில்லை. நூலகத்தில் வேலைபார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். சாகே கடை மாடியில் ஆங்கில வகுப்பு ஆரம்பித்தார்.

ஆகஸ்டில் புது வாத்தியார் வந்தார். நகராட்சிக் கூடத்தில் வரவேற்பு விருந்து. இருபத்திரண்டு வயதுப் பையன். எழுந்து நின்று, மனப்பாடம் செய்த இரண்டே வரியை ஜப்பானிய மொழியில் ஒப்பித்தான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "எவ்வளவு நன்றாகப் பேசுகிறான்!" அடுத்து நம் வாத்தியார் பேசினார். மரியாதைச் சொற்கள் இம்மி பிசகாமல், அந்த வட்டாரத்து இழுவையோடு, அறுவடைக் கணிப்பு வரைக்கும் தொட்டுப் பத்து நிமிஷம். யாருக்கும் அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேர் நடுவில் எழுந்து சோடா எடுக்கப் போனார்கள்.

விருந்தில் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குப்பை விவகாரத்தை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த எண்பது வயதுப் பாட்டி குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வாத்தியாரின் கையைத் தொட்டு, "உங்களுக்கு ஆங்கிலம் இவ்வளவு நன்றாக வருமா?" என்றார்.

வாத்தியார் முகத்துக்கு முன்னால் கையை விசிறினார்.

"இல்லையில்லை, பாட்டி. இன்னும் எவ்வளவோ இருக்கிறது."