மலையேறும் பெட்ரோல்

கேள்வி: மருந்தடிக்கும் மெஷினுக்காகக் குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் பெட்ரோல் கொண்டுபோகிறேன். பழைய தண்ணீர் கேன் போதுமா?
– ஏல விவசாயி, போடிநாயக்கனூர்

பதில்: போதும், தோட்டம் போய்ச் சேரும் ஆசை உங்களுக்கு இல்லாவிட்டால்! விற்பனைக்கு அல்லாத 30 லிட்டர் வரை 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் லைசென்ஸ் கேட்பதில்லை. ஆனால், இறுக மூடிய உலோகக் கேன் கேட்கிறது. அதுவும் 25 லிட்டருக்கு மேல் கொள்ளக் கூடாது. கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டர்தான். தண்ணீர் கேனைப் பற்றிப் பேச்சே இல்லை.

பங்கில் நிரப்பும்போது கேனை ஜீப்பிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். நிலைமின்சாரப் பொறி ஒன்றே போதும், கதை முடிய. கழுத்துவரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரியும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து கேன் உப்பும். மூடியை மெல்லத் திறங்கள். 'புஸ்' என்றால் பாம்பல்ல, ஆவி.

அந்த ஆவி காற்றைவிடக் கனம். மூடிய ஜீப்பென்றால் சீட்டுக்கடியில் தேங்கும். காற்றோட்டம் வேண்டும். மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் சரக்கு அது. குரங்கணிக்கு மேலே இருக்கும் டாப் ஸ்டேஷன் குளிரெல்லாம் அதற்குச் சித்திரை வெயில்!

கேள்வி: டிரைவர் பீடி பிடிப்பாரே?

பதில்: 2018 மார்ச்சில் காட்டுத்தீ பல உயிர்களைக் குடித்த குரங்கணி மலை அது. பீடி, பெட்ரோல் இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்றுங்கள். டிரைவர் கேட்கவில்லையா? அவரை இறக்கிவிடுங்கள்.