குளிர்கால டெலஸ்கோப் வரிசையில் ஐந்தாமவர் கண்டது யாது? – ஓர் ஆய்வு

ஜப்பானியப் பறவை உலாக்களைப் பற்றி அறிஞர் உலகம் இதுவரை பறவையின் பக்கம் நின்றே பேசிவந்திருக்கிறது. பார்க்கப் போனவரின் பக்கம், அதிலும் போயும் பார்க்க முடியாதவரின் பக்கம் நின்று முறையான ஆய்வு எதுவும் எழவில்லை. அப்பெருங்குறையைப் போக்குவதே நம் நோக்கம். அப்படி ஒரு குறை இருப்பதாக யாரும் முறையிடவில்லையே என்பார்க்கு, ஆய்வேடுகளில் பாதி அத்தகையனவே என்று விடை கூறுக.

முதற்கண் வரலாறு. வரலாறு இல்லாத கட்டுரையை எந்தக் கருத்தரங்கிலும் சேர்ப்பதில்லை. ஜப்பான் காட்டுப்பறவைச் சங்கத்தை 1934இல் தொடங்கியவர் நகனிஷி கோதோ. கவிஞர், பௌத்தத் துறவியுங்கூட. அவ்வாண்டு ஃபுஜி மலையடிவாரத்துச் சுபாஷிரியில் நடந்த முதல் உலாவுக்குக் கவிஞர் கிதஹாரா ஹகுஷூவும் நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியோவும் வந்திருந்தார்கள். உலா நடந்தது ஜூன் மாதம் என்பதைக் கவனிக்க. அவர்கள் விவரம் தெரிந்தவர்கள். நாம் ஜனவரியில் போகிறோம்.

அதற்கும் காரணம் உண்டு. இலை கொட்டிய மரத்தில் பறவைக்கு ஒளிய இடமில்லை. இலையுதிர்காலத்தில் வந்திறங்கும்போது பெட்டைகளைப் போலவே மங்கிய பழுப்பில் இருந்து நம்மைக் குழப்பிய ஆண் வாத்துகள், நடுக்குளிரில் புத்தாடை பூண்டு அடையாளம் காட்டிவிடும். ஆசியப் பெருநிலத்திலிருந்து வந்த ஜோபிதாகி, ஆரஞ்சு வயிறும் இறக்கையில் வெள்ளைப் பொட்டுமாகப் பூங்கா வேலியில் உட்கார்ந்து, வாலை நடுக்கியபடி குனிந்து குனிந்து வணங்கும். அற்றேல், இத்துணை எளிதாகத் தென்படும் பறவை ஐந்தாமவருக்குத் தென்படாதது என்னை? எனின், கூறுதும்.

உலாத் தலைவர் முக்காலியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, குளத்தோர நாணலில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியை வட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டு விலகி நின்று, “டோசோ” (“நீங்கள் பாருங்கள்”) என்கிறார். யாரும் சொல்லாமலே வரிசை உண்டாகிறது. முன்னால் நிற்பவர் பின்னவரைப் பார்த்து “டோசோ” என்கிறார். பின்னவர் பதறிப்போய், “இல்லையில்லை, நீங்கள் முதலில்” என்கிறார். இந்த உபசாரத்தில் மீன்கொத்திக்குப் பங்கு இல்லை. எனவே முதலாமவர் பறவையைக் காண்கிறார். இரண்டாமவர் அதன் முதுகை. மூன்றாமவர் அது எழுந்துபோன பின் ஆடும் நாணலை. நான்காமவர் ஆடி ஓய்ந்த நாணலை. ஐந்தாமவர் நால்வரின் மூச்சும் படிந்து வெளுத்த கண்ணாடியை. ஐவர் வாயிலிருந்தும் வருவது ஒரே வாக்கியம்: “ஆ, தெரிந்தது! என்ன அழகு!”

இங்கே அறிஞர் மூவகைப்படுவர். மரியாதைக் கொள்கையினர், விடியுமுன் வந்து நின்ற தலைவரின் மனம் நோகாதிருக்கவே ஐந்தாமவர் அவ்வாறு சொன்னார் என்பர் (வாய்மொழிச் சான்று: பிளாஸ்க் கொண்டுவந்த பாட்டி, இரண்டாம் கோப்பைத் தேநீரின்போது). கால்விரல் கொள்கையினர் இதை மறுப்பர்: “தெரியவில்லை” என்றால் தலைவர் பறவையை மறுபடி தேடுவார், வரிசை மறுபடி தொடங்கும், அதற்குள் விரல்கள் போய்விடும், ஆகவே அது பொய்யன்று, தற்காப்பு (அதே பாட்டி, மூன்றாம் கோப்பை, இம்முறை தம் முந்தைய கருத்தை அவரே கடுமையாகக் கண்டிக்கிறார்). மெய்ப்பொருள் கொள்கையினரோ ஐந்தாமவர் உண்மையிலேயே கண்டார் என்று சாதிப்பர். புகை கண்டு நெருப்பை அறிவதுபோல, நாணல் ஆட்டத்தால் மூன்றாமவர் மீன்கொத்தியை அறிந்தார்; மூன்றாமவர் முகத்தால் நான்காமவர் அறிந்தார்; நான்காமவர் தோளின் ஒரு குலுக்கலால் ஐந்தாமவர் அறிந்தார் (முக்காலியின் இடக்கால் அருகே பனியில் குச்சியால் வரைந்த படம், கீழ்ப்பாதி மட்டும்; மேற்பாதி வெயிலில் உருகியது; எஞ்சியதன்மேல் ஒரு காகம் நடந்துபோன தடம் பாடபேதமாகக் கொள்ளப்படும்).

மூன்றாம் கொள்கையே எமக்கு உடன்பாடு. பல்கலைக்கழகங்களில் நெடுநாள் வழக்கில் இருப்பதும் அதுவே. மூல நூலை ஒருவர் படிக்கிறார்; அவர் கட்டுரையை இன்னொருவர் படிக்கிறார்; மூன்றாமவர் அதன் அடிக்குறிப்பைப் பெயர்த்துக்கொள்கிறார்; ஐந்தாமவர் வாய்மொழித் தேர்வில் “ஆ, என்ன நூல்!” என்கிறார்.

வரிசையில் நிற்பவர் உயிரோடிருப்பதற்குக் காரணமான காயிரோவை ஒரு வரியில் முடிப்போம்: பைக்குள் இருக்கும் இரும்புத்தூள் காற்றுப்பட்டுத் துருப்பிடிக்க, அதில் பிறக்கும் சூட்டில் கை வெதுவெதுக்கும். துருப்பிடிப்பதையே தொழிலாகக் கொண்டு பயன் தருவது, கல்வித்துறைக்கு வெளியே, இது ஒன்றுதான்.

இனி ஆய்வெல்லை. ககோஷிமாவின் இசுமி வயல்களில் குளிர்காலம்தோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெருங்கொக்குகள் வந்து தங்குகின்றன. உள்ளூர் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் விடியலில் அவற்றை எண்ணுகிறார்கள். பார்க்காமலே பார்த்தேன் என்று சொல்ல அங்கே வழியில்லாததால் இசுமி நம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

ஹொக்காய்தோவில் ட்சுருய் கிராமத்து ஒத்தோவா பாலம் வேறு வகை. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும் விடியல்களில், உறையாத செட்சுரி ஆற்றுக்குள் நின்று உச்சி சிவந்த பெருங்கொக்குகள் உறங்கும். காற்றைவிட ஆற்றுநீர் வெதுவெதுப்பு. பாலத்தின்மேல் கேமராவும் கையுமாக நிற்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரு தரப்பில் அறிவில் மூத்தது எது என்னும் வினாவை நாகரிகம் கருதித் தவிர்க்கிறோம்.

நம் ஊர்ப் பட்டாணிக் குருவிக்கு நெருங்கிய உறவான ஷிஜூகாராவைக் குறிப்பிடாமல் விட முடியாது. குளிர்காலத்தில் இது வேறு சிறு பறவைகளோடு கூட்டாகத் திரியும். எச்சரிக்கைக் குரலை முன்னும் அழைப்புக் குரலைப் பின்னும் வைத்தால் இப்பறவைகள் சுற்றும் பார்த்துக்கொண்டே நெருங்கி வருகின்றன, வரிசையை மாற்றி ஒலிக்கவிட்டால் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்று தோஷிதகா சுசுகியும் உடனாய்வாளர்களும் 2016இல் காட்டினார்கள். சொல் தலைகீழானால் பொருள் கெடும் என்று குருவிக்குத் தெரிந்திருக்கிறது. ஆய்வேடுகளின் வாக்கியங்களைப் பற்றி இவ்விடத்தில் நாம் எதுவும் சொல்லவில்லை.

இனி, உலாவின் முடிவில் நிகழும் தோரிஅவாசே. எல்லோரும் கூடி நிற்க, தலைவர் பறவைப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க, கண்டவரும் கேட்டவரும் குரல் கொடுப்பர். காதால் கேட்டதும் கணக்கில் சேரும் என்பது இங்கே விதி. மூங்கிற்புல் புதருக்குள்ளிருந்து “சக், சக்” என்று நாக்கைச் சப்புவதுபோல் ஓர் ஒலி வந்தால் உகுய்சு பதிவாகிவிடும். வசந்தத்தில் பாடிப் புகழ் பெற்ற அப்பறவை குளிர்காலத்தில் பாட்டையும் முகத்தையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. எதிரே கமேலியாப் பூவில் தேன் குடிக்கும் பச்சை மெஜிரோவைக் காட்டி, “இதோ உகுய்சு!” என்று மகிழும் புதியவரை யாரும் திருத்துவதில்லை, அவர் ஒருவர்தான் எதையோ உண்மையில் பார்த்திருக்கிறார்.

“மீன்கொத்தி?” என்றார் தலைவர். ஐந்து கைகள் உயர்ந்தன. “சிட்டுக்குருவி?” ஒரு கையும் எழவில்லை. பெஞ்சுக்கடியில் சிந்திய சோற்றுப் பருக்கைகளை ஏழெட்டுச் சிட்டுக்குருவிகள் பொறுக்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்க வரிசை ஏதும் அமைக்கப்படவில்லை.

வரிசையில் ஆறாமவர் ஒருவரும் இருந்தார். மீன்கொத்தியைப் பற்றி அவர் ஐந்தாமவரைவிட விரிவாகப் பேசினார், வாயில் இருந்த மீனின் இனத்தையும் சொன்னார். அந்நேரம் முழுதும் அவர் கழிப்பறை வரிசையில் நின்றது பின்னர் தெரியவந்தது. அவரது முறையியல் தனி நூலாக வெளிவரும், நல்கைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.