எங்கள் ஊர் ஜப்பான்

திருப்பதிக்குக் கடல் உண்டு என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். பழைய சித்தூர் மாவட்டத்தில் மலை இருந்தது, மாங்காய் இருந்தது, வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. கடல் மட்டும் கிடையாது. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது, நெல்லூரிலிருந்து சூலூர்பேட்டைப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பழவேற்காடு ஏரி, ஸ்ரீஹரிகோட்டா, வங்காள விரிகுடா எல்லாம் கிடைத்துவிட்டன. பாற்கடலை விட்டு வந்த பெருமாளுக்கு உப்புக் கடலாவது வாய்த்தது.

மாவட்டம் மாறும் விஷயத்தில் எங்கள் சத்தியவேடு பழம் தின்று கொட்டை போட்ட ஊர். முதலில் செங்கல்பட்டு மாவட்டம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வர, நாங்கள் ஆந்திராவுக்குப் போய்ச் சித்தூரில் சேர்ந்தோம். தேதியைக் கவனியுங்கள். இப்போது திருப்பதி. என் அத்தை திண்ணையை விட்டு இறங்காமலே மூன்று மாவட்டம் பார்த்தவர்.

அந்தத் திண்ணைக்குத்தான் ஜப்பானும் வந்தது. 2008-இல் எங்கள் பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் தொடங்கியது. இசுசூ வண்டி, கோபெல்கோ மண்வாரி இயந்திரம், டைகின் ஏசி, குழந்தைகளுக்கான டயப்பர் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின. வேர்க்கடலை விளைந்த மண்ணில் இன்று ஏசி விளைகிறது. (எங்கள் மே மாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் டைகின்காரர்கள் இடம் பிடித்திருப்பார்கள் என்பது என் கட்சி.)

அத்தை மகன் ஒரு ஜப்பான் கம்பெனியில் சேர்ந்தான். சம்பளத்தோடு பழக்கமும் வீட்டுக்கு வந்தது. ஜப்பான் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரல் நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்வார்களாம், கவனம் பிசகாது. நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். அதைத் தொழிற்சாலையில் கற்றுக்கொண்டவன், காலையில் கிளம்பும்போது அடுப்படி வாசலில் நின்று, "கேஸ் ஆஃப், சரி! மோட்டார் ஆஃப், சரி!" என்று விரல் நீட்ட ஆரம்பித்தான். முதல் நாள் அத்தை விபூதியோடு ஓடி வந்தார்.

அடுத்தது ஜப்பான் தொழிற்சாலைகளின் ஒழுங்குமுறையான ஐந்து 'எஸ்'. வேண்டாததைக் கழி, வேண்டியதை அடுக்கு, துடை, முறைப்படுத்து, விடாமல் செய். புளி ஜாடிக்குச் சீட்டு ஒட்டினான். சுவரில் கரண்டியின் உருவத்தை வரைந்து, அங்கேதான் கரண்டி தொங்க வேண்டும் என்றான். வாசலில் செருப்புக்குச் சாக்பீஸ் கோடு. கழிக்க வேண்டிய பொருள் எது என்று கேட்டபோது, அத்தை நாற்பது வருடத்துச் சீர்வரிசைப் பாத்திரங்களின் முன்னால் வந்து நின்றுகொண்டார். "டேய், எதுவாவது குறைஞ்சுது, உன்னையும் சேர்த்துக் கழிச்சுடுவேன்." ஐந்து எஸ் அன்று நான்காகக் குறைந்தது.

அவனுடைய ஜப்பான் மேனேஜரைத் திருமலைக்கு அழைத்துப் போனார்கள். வரிசையைக் கண்டதும் அவருக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்ததாம். ஒழுங்காக வணங்கி நின்றார். தரிசனத்துக்குக் காத்திருக்கும் வைகுண்டம் காம்ப்ளெக்ஸ் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியபின் மெல்லக் கேட்டார், எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று. "சுவாமி கூப்பிடும்போது சார்" என்றான் இவன். பொருள் வேண்டிய நிமிடத்தில் வந்து சேர வேண்டும் என்று பாடம் நடத்துகிறவர், ஒன்றும் பேசாமல் லட்டைப் பற்றி விசாரித்தாராம்.

அப்புறம் ராக்கெட். ஜப்பானின் தெற்கே தனெகாஷிமா என்றொரு தீவு. எங்கள் ஸ்ரீஹரிகோட்டாவைப் போலவே அங்கும் கடல், மீனவர்கள், ஏவுதளம். மீன்பிடிப்புக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று 2011 வரை வருடத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் ராக்கெட் விட்டார்கள். அங்கே மீனவருக்காக ராக்கெட் காத்திருந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டுக்காக மீனவர்கள் வலையை மடித்து வைத்துக் கரையில் காத்திருக்கிறார்கள். ஜப்பானிடமிருந்து இறக்குமதி செய்ய மறந்துபோனது, ராக்கெட் காத்திருந்த அந்த வழக்கம் ஒன்றைத்தான்.

ஊரைப் பார்க்க ஆசையிருந்தால் குளிர்காலத்தில் வாருங்கள். பழவேற்காட்டில் பூநாரைகள் நிற்கும். சென்னையிலிருந்து சூலூர்பேட்டை வரை மின்சார ரயில் ஓடுகிறது. அத்தை வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கோட்டுக்குள் விடுங்கள். இப்போதெல்லாம் விரல் நீட்டிச் சரிபார்ப்பது அவர்தான்.