காரு இருந்தா காலு நடக்காது

வா பேராண்டி, உக்காரு. ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது? ஓகோ, மீனா கந்தசாமியோட ‘குறத்தியம்மன்’ படிச்சியா? 2014ல இங்கிலீசுல வந்த மொத நாவல், கீழவெண்மணி சங்கதி. அதுல ஒனக்கு என்னடா குறை?

கதை சொல்றவளே நடுவுல நடுவுல வந்து ஒன்னய வம்புக்கு இழுக்குறாளா? கதை தொடங்குமுன்னாடியே பண்ணையாரு முதலமைச்சருக்கு மனுப் போடுறாரா? தலைப்புல இருக்குற அம்மனத் தேடிக் கண்ணு பூத்துப்போச்சா? பாவம்டா நீ. நெருப்பு வெச்ச ராத்திரிய ஒரே வாக்கியமா இழுத்ததுல மூச்சு முட்டுச்சாக்கும். முட்டட்டும். அதுக்குத்தானே எழுதுனா!

“எது நெசம், எது புனைவு? கோடு போட்டுக் காட்டு”ங்குற. படிச்ச புள்ள, கேக்கத்தான் கேப்பே. எனக்குத் தெரிஞ்ச நெசத்தச் சொல்றேன். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலியில அரைப்படி நெல்லு கூடக் கேட்ட சனம். உசுருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள்ள ஒளிஞ்சவங்கள வெளியில பூட்டிக் கொளுத்துனாங்க. 44 பேரு. பொம்பளைங்களும் புள்ளைங்களுந்தான் அதுல அதிகம்.

நாகப்பட்டினம் கோர்ட்டு பண்ணையாருங்களுக்கு 10 வருசம் தண்டனை குடுத்துச்சு. மேல்கோர்ட்டு என்ன கண்டுபுடிச்சுச்சு தெரியுமா? இவங்கல்லாம் பெரிய நிலக்காரங்க, ஒருத்தருகிட்ட காரே இருக்கு. இப்பேர்ப்பட்டவங்க ஆள் அம்ப விட்டுட்டுத் தாங்களே நடந்துபோயி நெருப்பு வெச்சிருப்பாங்கன்னு நம்ப முடியலேன்னு சொல்லி விட்டுருச்சு. இந்தக் கற்பன எந்த எழுத்தாளனுக்குடா வரும்? ஆனா பாரு, அதுக்குப் பேரு தீர்ப்பு. அந்தப் பொண்ணு எழுதுனதுக்குத்தான் நாவல்னு பேரு. நீயும் நாவலத் தூக்கிவெச்சுக்கிட்டு பொய் தேடிக்கிட்டுத் திரியுற!

நீயும் மொத நாவல் எழுதப் போறேன்னு ஒங்க அம்மா சொன்னா. எழுது ராசா. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. ஆரம்பம், நடு, முடிவுன்னு அடுக்கி, அழகா, மரியாதையா எழுத நம்ம ஊர்ல ஏற்கெனவே ஆளு உண்டு. பண்ணையாரு மனுவப் பாரு, ஒரு கோணல் இருக்காது. செத்தவங்க பக்கத்துச் சங்கதி அப்படி வரிசைகட்டி வராது. அது வர்றபடி எழுது. பாதியில நிக்கட்டும், திட்டட்டும், குறுக்கே பேசட்டும்.

அப்பறமும் எவனாச்சும் வந்து, “இதெல்லாம் நெசமா தம்பி?”ன்னு கேட்டா, ஆமான்னும் சொல்லாத, இல்லேன்னும் சொல்லாத. “அண்ணே, ஒங்க வீட்டுல காரு இருக்கா?”ன்னு மட்டும் கேளு.